கலயனார் பூண்ட கயிறு

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட நெல்வயல் நாட்டிலே, மேற்கு நோக்கிய சந்நிதியோடு விளங்குவது திருப்பனந்தாள் என்னும் திருத்தலம். பனை அங்குத் தலமரம். திருஞானசம்பந்தப் பிள்ளையார் அருளிய பதிகத்தில் ஊர் பனந்தாள் என்றும், திருக்கோயில் தாடகையீச்சரம் என்றும் பெயர் பெறுகின்றன. குமரகுருபர அடிகள் வழிவந்த காசித் திருமடம் 1720 முதல் நிலைபெற்றிருப்பதும் இவ்வூரிலேயே.

இவ்வூர்ப் பெருமானைப்பற்றிப் பேசப்புகுவோர் இரண்டு வரலாறுகளைத் தவறாது எடுத்துரைப்பர். தாடகை என்னும் அம்மையார் மாலை சாத்தும்பொழுது ஆடை நெகிழ, அதனை முழங்கைகளால் இடுக்கிக்கொண்டு, மாலையை விடவும் மாட்டாது சாத்தவும் மாட்டாது நிற்க, பெருமான் தம் திருமுடியைச் சாய்த்து அதனை ஏற்றருளினார் என்பது ஒன்று. சாய்ந்த அத்திருமேனியை நேர்நிறுத்த விரும்பி அரசனொருவன் யானைகளைப் பூட்டி இழுப்பித்தும் ஆகாதொழிய, குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்திலே கயிற்றைப் பூட்டி இழுத்த அளவில் அது நேர்நின்றது என்பது மற்றொன்று. முன்னையது தலவரலாறு. பின்னையது பெரியபுராணத்துட் கூறப்படுவது. ஈண்டு ஆராயப்புகுவது பின்னையதையே.

சொற்பொழிவு மேடைகளில் இவ்வரலாறு உரைக்கப்படும் வகை யாவரும் அறிந்ததே. ஒருபுறம் அரசனும் அவன் சேனையும் யானைத்திரளும்; மற்றொருபுறம் வறிய அடியார் ஒருவர். யானைகள் தோற்றன, அடியார் வென்றார். இவ்வளவில் சொல்வோர் நிறுத்த, கேட்போர் கைகொட்டுவர். அன்பின் ஆற்றல் உடலின் ஆற்றலினும் பெரிதென்பது இதனால் விளங்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இவ்வாறு கூறுங்கால் வரலாறு ஒரு பந்தயமாகிவிடுகின்றது. பந்தயமாயின் தோற்றோர் வேண்டும். தோற்றோராக அரசனும், யானைப்பாகரும், நாள்முழுதும் கயிறு பிடித்து இளைத்த எளிய சேவகரும் நிறுத்தப்படுகின்றனர். சேக்கிழார் பெருமான் இவ்வாறு பாடினாரா என்பதே கேள்வி.

நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியில் இந்நாயனாரை ஒரு செய்யுளால் ஏத்துகின்றார். மனைவியாரின் தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் கொண்டமையும், கடவூர்ப் பெருமானுக்குப் புகையிட்டமையும், பனந்தாளிற் சாய்ந்த சிவத்தின் நிலையைக் கண்டத்திற் கயிறு பூட்டித் திருத்தியமையும் அச்செய்யுளில் அமைந்துள்ளன. அதன்கண் அரசன் இல்லை; யானை இல்லை; சேனையின் இளைப்பும் இல்லை. அவற்றையெல்லாம் விரித்துக் காட்டியவர் சேக்கிழாரே. வழிவழிச் செய்தியாக அவர் கேட்டறிந்தனவாக இருக்கலாம். எங்ஙனமாயினும், வழிநூல் சொல்லாத அவ்வளவையும் புகுத்தி ஒரு பெருங்கவிஞர் பாடுவாராயின், அது யானைகளைத் தோற்பிக்கும் பொருட்டு மட்டும் ஆகாது. நம்பிகளின் செய்யுளில் கலயனார் தனியே நிற்கின்றார். சேக்கிழார் பாட்டிலோ, முன்னரே பணிசெய்து களைத்துக் கிடக்கும் ஒரு கூட்டத்தினிடையே வந்து சேர்கின்றார். இவ்வேறுபாட்டை நோக்காது செல்வோர் இப்புராணத்தின் உயிரை விட்டுச் செல்வோரே ஆவர்.

சேக்கிழார் அமைத்த முறையைப் படிப்படியாகக் காண்க. பெருமானை நேரே கண்டு கும்பிடவேண்டும் என்னும் ஆர்வமே அரசனைத் தூண்டியது. தன் ஆணை செல்லாமையாகிய செருக்கு அன்று. அது கைகூடாமையால் இரவும் பகலும் நீங்காத கவலையில் அவன் அழுந்துகின்றான். இவ்வருத்தம் திருக்கடவூரிலிருந்த கலயனார் செவிக்கு எட்டுகின்றது. எட்டியபொழுது, ‘படையாலும் பணத்தாலும் ஆகுமோ’ என்று அவர் நகைத்திலர். இறைவனை நேரே காணும் நெறியில் தலைநிற்பவன் இவன் என்று அரசனை விரும்பியே புறப்படுகின்றார். பனந்தாளை அடைந்து, யானைகளும் சேனையும் மண்மேல் எய்த்து வீழ்ந்து கிடத்தலைக் காண்கின்றார். அச்சேனையைச் சேக்கிழார் தீதில்லாத சேனை என்கின்றார். அவர்கள் செய்ததனைத் திருப்பணி என்றே பெயரிட்டு அழைக்கின்றார். நிறைவேறாத பணியும் திருப்பணியே என்பது அவர் துணிபு. பின்னர் வருவது இப்புராணத்தின் நடுநாயகமான இடம். கண்ட கலயனார் உள்ளத்தில், ‘இவர்களால் ஆகாததை முடித்துக்காட்டுவேன்’ என்ற எண்ணம் எழவில்லை. இவர்கள் உற்ற இளைப்பைத் தாமும் உற்று எய்த்தலாகிய அதனைப் பெறவேண்டும் என்னும் விருப்பமே எழுகின்றது. ‘பெற’ என்னும் சொல்லை நோக்குக. இளைப்பு ஒருவர் பெறும் பேறாகக் கூறப்படுகின்றது! வெற்றியை விரும்பி அவர் கயிறு பூண்டாரல்லர். களைப்பிற் பங்கு வேண்டிப் பூண்டார்.

கயிறு பூண்ட தொண்டர் இளைத்தபின் பெருமானால் சாய்ந்து நிற்க ஒண்ணுமோ என்று கேட்டு, அவருடைய ஒருமையன்பைக் கண்ட அப்பொழுதே அண்ணலார் நேர்நின்றார் என முடிக்கின்றார் சேக்கிழார். அதன்பின் நிகழ்ந்தது பந்தயக்கதைக்கு முற்றும் மாறானது. தோற்றவை என்று மேடையிலே பேசப்படும் சேனையும் களிறும் நாணித் தலைகவிழவில்லை. மழைமுகிலைப் பெற்ற காட்டைப்போலக் களிக்கின்றன. அரசன் அடியார் திருவடியில் வீழ்ந்து, மாலும் காணாத மலரடியைப் பண்புடைய அடியாரல்லால் வேறு யார் காணவல்லார் என்று போற்றுகின்றான். தாம் தொடங்கிய பணியை மற்றொருவர் முடிக்கக் கண்டு இங்ஙனம் மகிழ்தல் எளிதன்று. கோயிற்பணியில் ஈடுபட்டுப் பழகியவர்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

ஏனெனில், இக்காலத்துத் திருத்தொண்டர் கூட்டங்களிற் பல உள்ளூரப் புண்பட்டுக் கிடப்பது இவ்விடத்திலேதான். உழவாரப்பணிக் கூட்டங்களும், திருமுறை முற்றோதற் கூட்டங்களும், அன்னம்பாலிப்புக் கூட்டங்களும் காவிரிநாடெங்கும் பெருகியிருத்தல் மகிழத்தக்கதே. புதர் மண்டிய எத்தனையோ திருச்சுற்றுக்கள் இவர்களாலே நடக்கும் இடமாயின. ஆயினும் கூட்டம் தொடங்கிச் சில ஆண்டுகள் கழிந்தமட்டில், அதனுள்ளே எழுதப்படாத ஒரு வரிசை உண்டாகிவிடுகின்றது. தொடக்கநாள் முதல் இருப்பவர் முதல்வரிசை. அவரோடு உண்டு உறவாடுபவர் இரண்டாம் வரிசை. ஏனையோர் எல்லாரும் ஏனையோரே. சிவிகைத் தண்டில் முன்னே தோள்கொடுப்பவர் யார், முற்றோதலில் ஓதுவார்க்கு அருகே அமர்பவர் யார், திருநீறு முதலில் யார் கையில் இடப்படும், பரிவட்டம் யார் தலைக்கு என்பன பணியினும் பெரிய செய்திகளாகின்றன. புதிதாக வந்த இளைஞன் கையில் மடைப்பள்ளிச் சாக்கடை ஒப்படைக்கப்படும். அதுவும் திருப்பணியே, அதிற் குறையொன்றுமில்லை. அதனை ஒப்படைத்தவர் தாம் ஒருநாளும் அதனருகே செல்லாமையே குறை. சில ஊர்களில் கூட்டம் இரண்டாகப் பிளந்து, இரண்டும் தம் பெயர்ப்பலகையோடு வந்து இராசகோபுர வாயிலையே துலக்கும். காண்பார் கண்ணும் கைப்பேசிப் படமும் அங்கேயே உள்ளன போலும். மேலைச்சுற்றின் நெருஞ்சி அப்படியே கிடக்கும்.

ஊதியம் பெறாத இடத்திலே இப்பூசல் மிகுவானேன் என்பது சிந்திக்கத்தக்கது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்து, ஒவ்வொருவர் பெயரையும் அவர் பெறும் நெல்லையும் கல்லில் வெட்டுவித்தான். அவர்களுள் ஒருவர்க்குத் தம் இடம் யாது என்ற ஐயம் எழுமாயின், சுவரைப் படித்தால் தீர்ந்தது. கூலியின்றி வருவோனுக்கு அத்தகைய கல் இல்லை; அவன் உழைப்பை அளக்கும் மரக்கால் இல்லை. ஆகவே தன் உழைப்பு அறியப்பட்டது என்பதற்கு ஓர் அடையாளத்தை உள்ளம் தேடுகின்றது. அவ்வடையாளம் முதன்மையே. கூலி வேண்டாதார் முதன்மையைக் கூலியாகப் பெறுகின்றனர். நெல் பங்கிட்டாற் குறைந்தாலும் அடுத்த போகத்தில் மீண்டும் விளையும். முதன்மையோ பங்கிட இயலாதது. ஒருவர் பெற்றால் மற்றொருவர் இழக்கவேண்டும். கலயனார் விரும்பிய இளைப்போ எத்தனைபேர் பெற்றாலும் குறைவதன்று. ஆயிரவர் உற்றபின்னும் அவருக்கு அது மிச்சமிருந்தது.

ஒழுங்குமுறை இன்றிப் பணி நடக்குமோ என வினவுவாருளர். நடவாது. விமானத்தில் வேர்விட்ட அரசங்கன்றை அறியாதார் பிடுங்கினால் செங்கலும் சுதையும் உடன்பெயரும்; அங்கே பழகியவர் சொல்வதே ஆணை. திருமுறைப் பண் அறிந்தார் முன்னே பாட, அறியாதார் பின்தொடர்தலே முறை. இவை பணியின்பொருட்டு எழுந்த வரிசைகள். பணி முடிந்ததும் தாமும் முடிவன. விமானத்திலிருந்து இறங்கியபின்னும், அன்னம்பாலிப்புப் பந்தியிலும், அடுத்த ஆண்டுத் திருவிழாவிலும், அவர் மைந்தர் காலத்திலும் நின்று நிலவும் வரிசைகளைப்பற்றியே ஈண்டுப் பேச்சு.

விறன்மிண்ட நாயனாரை மேற்கோளாகக் காட்டித் தம் கட்டுப்பாட்டை நாட்டுவாரும் உண்டு. தேவாசிரிய மண்டபத்திலே கூடியிருந்த அடியாரை வணங்காது ஒதுங்கிச்சென்ற நம்பியாரூரரை அவர் புறம்பென்றார். அவரை ஆண்ட பெருமானையும் புறம்பென்றார். கூட்டத்திற்குப் புறம்பானவரை விலக்குதல் நாயனார் காட்டிய வழியன்றோ என்பது இவர் வாதம். இது பொருந்தாது. என்னை? விறன்மிண்டர் மலைநாட்டுச் செங்குன்றூரர், ஆரூருக்கு வந்துசேர்ந்தவர். அவர் விலக்கியது கடையில் நின்ற எளியவரை அன்று. இறைவனே தோழமை தந்து ஆட்கொண்ட ஒருவரை. அதனையும் தமக்கு வணக்கம் கிடைக்கவில்லை என்று செய்தாரல்லர்; ஒருவரேனும் விடுபடாமல் அக்கூட்டத்தார் அனைவர் பொருட்டும் செய்தார். கீழ்நோக்கி எறியும் கல்லும் மேல்நோக்கி எழுப்பும் முறையீடும் ஒன்றாகுமோ? பின்னர்ப் பெருமான் அவருக்குக் கணங்களின் தலைமையை அளித்தான் எனின், அது அளிக்கப்பட்ட தலைமை.

அப்பூசலின் விளைவைக் காண்க. நம்பியாரூரர் உள்ளத்திலோ இவ்வடியார்க்கு அடியேனாகும் நாள் எந்நாள் என்ற ஏக்கம் முன்னரே இருந்தது. இறைவன் அடியெடுத்துக் கொடுக்க, திருத்தொண்டத்தொகை பிறந்தது. பதினொரு பாட்டு, தனியடியார் 60, தொகையடியார் 9. வேதியரும் வேடரும், அரசரும் குயவரும், வணிகரும் வண்ணாரும் அதனுள் அடுத்தடுத்து வருகின்றனர். அத்துணைப் பேர்க்கும் பாடியவர் ஒரேவகையாக அடியேன் என்றே கூறிச்செல்கின்றார். தம்மைப் புறம்பென்று சொன்ன விறன்மிண்டரையும் முதற்பாட்டிலேயே வைத்துவிட்டார். இக்காலத்துக் கூட்டமொன்றிலே தம்மை விலக்கியவர் பெயரை அழைப்பிதழின் முதற்பக்கத்தில் அச்சிடுவார் உளராயின், அவ்வூரைச் சென்று காணலாம்.

வரிசைக்கு மற்றொரு போர்வை தூய்மை. தீக்கை பெற்றார், பெறாதார் என்றும், சமய விசேட நிருவாணம் என்றும் உள்ள படிகள் ஆன்மார்த்த பூசைக்கும் ஞானநூற் பயிற்சிக்கும் உரிய தகுதிகள். அவற்றின் பெருமையைக் குறைத்தல் கூடாது. துடைப்பத்திற்கு அப்படிகள் உண்டோ? நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்த பெருந்தொண்டர். தொண்டர்க்கு உரைகல்லாகிய பொன் என அப்பமூர்த்திகளாற் புகழப்பெற்றவர். திருவாரூர்ப் பெருமான் திருமணலிக்கு எழுந்தருளிய விழாவிலே எல்லா மக்களோடும் கலந்து சென்றமையால் தூய்மை கெட்டதென்று கருதி, நீராடாமல் மனைபுகேன் என்று புறங்கடையிலே கிடந்தார். ஆரூரிற் பிறந்தார் எல்லாரும் நம் கணங்களே. அதனை நீ காண்பாய் என்று பெருமான் கனவிலே உணர்த்தியருளினார். மறுநாள் அவ்வாறே கண்டு நிலத்தில் வீழ்ந்து வணங்கினார் அடிகள். உரைகல்லாக நின்றவர்க்கே இவ்வெண்ணம் எழுந்ததென்று சேக்கிழார் மறையாது கூறினமை பெரிதும் போற்றத்தக்கது. கணங்களைக் கண்டபின் அவர் அதை மறைத்தாருமல்லர்.

ஞானம் பேசுவோர் சரியையாளரை இளப்பமாக நோக்குவதும் இக்கூட்டங்களில் அரும்பியிருக்கின்றது. சிவஞானபோதம் படிப்பவர் திண்ணையிலும், கூட்டிப் பெருக்குபவர் வெயிலிலும்! சரியை தாசமார்க்கம் என்றும், நான்கு பாதங்களுள் முதற்படி என்றும் நூல்கள் கூறியதை இவர்கள் கடைப்படி என்று கொண்டனர் போலும். திருவீழிமிழலையில் வற்கடம் வந்த காலத்துப் பெருமான் படிக்காசு அருளியபொழுது, சம்பந்தப் பிள்ளையாரின் காசு வட்டங்கொடுத்து மாற்றவேண்டியதாயிற்று. நாவுக்கரசரின் காசோ வாசியின்றிச் சென்றது. அதற்குக் காரணம் நாவுக்கரசர் கையினாற் செய்த திருப்பணியே என்று பிள்ளையார் அறிந்தார். அவ்வாறு அறிந்தபின் அவர் தமக்கும் வாசி நீக்கித்தர இறைவனைப் பாடினார். அப்பரிடம் மனம் வேறுபட்டாரில்லை. திருப்பூந்துருத்தியிலே பிள்ளையாரின் சிவிகையைத் தாங்கினோருள் ஒருவராய்ப் புகுந்து நின்றவரும் அவ்வப்பரே. இவ்விருவரில் முதல்வரிசை யாருக்கு என்று எந்தக் கூட்டம் தீர்ப்பளிக்கும்?

திண்ணையில் விரித்த அந்தச் சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரமே இறைபணி நிற்றலைக் கூறுவது. யான் செய்தேன் என்னும் முனைப்பு அற்றவிடத்தே பணி இறைபணியாம். முனைப்பு உள்ளவிடத்து அது வினையாய் ஏறும். பன்னிரண்டாஞ் சூத்திரமோ, மலம் கழுவப்பெற்றவர்க்கும் அன்பரொடு மருவுதல் வேண்டும் என்கின்றது. முத்திநிலை எய்தியவர்க்கே இன்றியமையாத அடியார் இணக்கத்தை, இன்னும் முதற்படி ஏறாத ஓர் இளைஞனிடமிருந்து வரிசையின்பேரால் பறிப்பது எத்துணைக் கொடுமை! அவன் ஒருமுறை வந்தான், யாரும் பெயர் கேட்கவில்லை, இருமுறை வந்தான், நீ யார் கூட்டம் என்று கேட்டார்கள், மூன்றாம் முறை வரவில்லை. சோழநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127. இவற்றை அன்றிப் பாடல்பெறாத சிறுகோயில்கள் எண்ணிறந்தன. ஒருகாலப் பூசையும் ஒற்றை விளக்குமாய் நிற்கும் அக்கோயில்களின் சுவரில் ஆலும் அரசும் வேரோட, வரவேண்டிய கைகளுள் ஒன்று இவ்வாறு திரும்பிப்போகின்றது. கூட்டத்தின் கணக்கேட்டிலே இந்த இழப்பு ஏறுவதே இல்லை.

மீண்டும் பனந்தாளுக்கு வருக. அடியாரை ஏத்திய அரசன், ‘லிங்கம் நிமிர்ந்துவிட்டது, இனி நமக்கென்ன’ என்று அகன்றானல்லன். பெருமானுக்கு உரிய வேறு பணிகள் எஞ்சியிருந்தன. அவற்றையும் செய்துமுடித்தே தன் நகருக்குச் சென்றான். இத்தனை அன்புடைய அவன் பெயரைச் சேக்கிழார் கூறவில்லை. கலயனாரும் தாம் நேர்நிறுத்திய பெருமானை வணங்கிச் சில நாள் அங்கே தங்கினார். கோயிலில் ஓர் உரிமையோ முறையோ அவர் கேட்டதாக நூலில் இல்லை. பின்னர்த் திருக்கடவூருக்கு மீண்டு, முன்போலத் தூபமிடும் தம் பணியில் அமர்ந்தார். சம்பந்தரும் நாவுக்கரசரும் அங்கு எழுந்தருளியபொழுது எதிர்கொண்டு அழைத்துச்சென்று அறுசுவை அமுதூட்டினார். பனந்தாளில் நிகழ்ந்ததை அவர்களிடம் அவர் எடுத்துரைத்ததாகவும் நூலில் இல்லை. நம்பியாரூரர் தொகையில் அவர் கடவூர்க் கலயன், உலகவழக்கில் குங்கிலியக்கலயர். யானைகளால் ஆகாததை ஆக்கியது அவர் பெயரில் ஏறவே இல்லை.